தட்டுக்குக் காய்ச்சல் வராது

எங்கள் அண்ணி, கழுவிவைத்த டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் கழுவுவார். தண்ணீருக்காகக் காத்து நிற்பவருக்கு நாக்கு வறண்டுபோனாலும் அவருக்குக் கவலை இல்லை. அவர் கல்யாணமாகி வந்த புதிதில், நான் கழுவியது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அவர் தான் கழுவியதையே நம்பாதவர் என்று. தன் டம்ளரையும் அப்படித்தான் செய்தார்.

தடுப்பூசி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு வேலை. அங்கே முகத்துக்கு நேரே 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'சோப்பு'. என் அண்ணன் அதே நிறுவனத்தில் கொதிகலன் மெக்கானிக். நீராவி போதவில்லை, பாத்திரத்தில் கிருமி சாகவில்லை என்று அண்ணி ஓயாமல் புகார் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார். சரிசெய்யப் போன அண்ணன் அவரையே கட்டிக்கொண்டு வந்துவிட்டான். கேட்டால், "புகாரை நிறுத்த வேற வழி தெரியலை" என்பான். புகார் நிற்கவில்லை, வீட்டுக்கு வந்தது, அவ்வளவுதான்.

நான் நர்ஸ். எங்கள் வட்டாரச் சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு ஊசி போடுவது என் வேலை. அண்ணி மருந்து செய்கிறவர், நான் அதைக் குத்துகிறவள். அவரைப் பார்த்தால் தெருக் குழந்தைகள் சிரிக்கும். என்னைப் பார்த்தால் அம்மாவின் புடவைக்குள் போய்விடும். இதில் எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு வருத்தம் உண்டு.

நாங்கள் இருந்தது மாடியில். கீழ்வீட்டில் ஒரு டெய்லர், அவர் மனைவி, அவர்களின் ஒரு வயசு தாண்டிய பெண். வாசல் அறையில்தான் தையல் மிஷின். அது ஓட ஆரம்பித்தால் அந்தக் குழந்தை எங்கே இருந்தாலும் தவழ்ந்து வந்து, பக்கத்தில் உட்கார்ந்து கை தட்டும். நூல் அறுந்து மிஷின் நின்றால் அழும். "எனக்கு முதலாளி இவதான், நிறுத்த விடமாட்டேங்கறா" என்பார் டெய்லர்.

ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல். பல் முளைக்கிற காய்ச்சலாக இருக்கும், ஒருநாள் பார்ப்போம் என்று இருந்துவிட்டார்கள். யாராக இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மறுநாள் நான் வேலை முடிந்து வந்து பார்த்தபோது குழந்தையின் கழுத்து விறைத்திருந்தது, கண் செருகியிருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். முதுகுத்தண்டில் ஊசி விட்டு நீர் எடுத்தார்கள். கண்ணாடிபோல இருக்க வேண்டிய நீர் கலங்கலாக வந்தது. பாக்டீரியாவால் வருகிற மூளைக்காய்ச்சல். அந்த வருஷம் எங்கள் ஊரில் அது நிறையக் குழந்தைகளைப் பிடித்தது, சிலரைக் கொண்டும் போனது.

டெய்லர் பெண் பிழைத்து வீட்டுக்கு வந்தாள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. இரண்டொரு நாள் கழித்து டெய்லர் மிஷினில் உட்கார்ந்தார். நானும் அண்ணியும் அப்போது அங்கேதான் இருந்தோம். மிஷின் ஓடியது. குழந்தை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் ஒரு கிண்ணத்தை உருட்டிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. டெய்லர் மிஷினை நிறுத்தினார். மறுபடி ஓட்டினார். வேகமாக ஓட்டினார். துணியே இல்லாமல் வெறும் மிஷினை அவர் மிதித்துக்கொண்டே இருந்தார்.

அண்ணி மாடிக்கு வந்து பாத்திரங்களை எல்லாம் எடுத்துப்போட்டுத் தேய்த்தார். அவருக்கு அழுகை வந்தால் அப்படித்தான்.

"இதுக்கு ஊசியே கிடையாதா அண்ணி?" என்று கேட்டேன். நர்ஸ் கேட்கிற கேள்வியா என்று நினைக்கலாம். எனக்குப் பதில் தெரியும். இருந்தாலும் யாரையாவது கேட்க வேண்டும் போலிருந்தது.

"பெரியவங்களுக்கு இருக்கு. குழந்தைங்களுக்கு அது பிடிக்கறதில்ல" என்றார்.

அவர் பிறகு சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். இந்தக் கிருமி தன்மேல் ஒரு சர்க்கரைச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறது. நாம் டீயில் போடுகிற சர்க்கரை இல்லை, நீளமான சங்கிலி மாதிரியான வேறொரு சர்க்கரை. அந்தச் சட்டையை மட்டும் உரித்தெடுத்து ஊசியாகப் போட்டால், பெரியவர்களின் உடம்பு அடையாளம் தெரிந்துகொண்டு, அடுத்த தடவை கிருமி வரும்போது அடிக்கத் தயாராக இருக்கும். கைக்குழந்தையின் உடம்போ சர்க்கரையைக் கண்டுகொள்ளாது. ஆனால் புரதம் என்றால் குழந்தையின் உடம்புகூட விழித்துக்கொள்ளும். ஆகவே கெடுதல் இல்லாத ஒரு புரதத்தோடு அந்தச் சர்க்கரையைப் பிணைத்துக் கொடுத்துவிட்டால் காரியம் நடக்கும். வேறு கிருமிகளுக்கு இப்படி ஊசிகள் வந்துவிட்டன. இந்தக் கிருமியின் சர்க்கரை மட்டும் பிணைத்த இடத்தில் நிற்காமல் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

அண்ணி பிடித்த பிடியை விடுகிறவர் இல்லை. பிணைப்பு நிற்கிற வழியை அவர்தான் கண்டுபிடித்தார். சங்கிலியை எந்த நீளத்துக்கு வெட்ட வேண்டும், எந்தச் சூட்டில் சேர்க்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து ஒருவழியாகப் பிடித்துவிட்டார். அதை ஊசியாகப் போட்ட முயல்களின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை உயிருள்ள கிருமியோடு கலந்தால் கிருமி செத்தது. நிறுவனத்தில் எல்லோருக்கும் அன்று இனிப்பு.

ஆனால் முயல்களுக்குக் காய்ச்சல் வந்தது. சர்க்கரையோடு கிருமியின் அழுக்கு ஒன்றும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதால் வந்த வினை. அழுக்கு என்ற வார்த்தை காதில் விழுந்தால் எங்கள் அண்ணி சும்மா இருப்பாரா? சலவைச் சோடா மாதிரியான காரக் கரைசலில் ஊறவைத்து, வெதுவெதுப்பாகச் சூடு காட்டி, சர்க்கரையைத் துப்புரவாகக் கழுவுகிற ஒரு முறையைக் கொண்டுவந்தார். அழுக்கு சுத்தமாகப் போனது. முயலுக்குக் காய்ச்சல் நின்றது. செலவும் குறைவு. அந்த முறைக்கு அவர் பெயரில் காப்புரிமை வாங்கினார்கள், மேடையில் ஏற்றிக் கேடயம் கொடுத்தார்கள். 'சோப்பு' என்பதை முகத்துக்கு நேரேயே சொல்ல ஆரம்பித்தார்கள், அவரும் சிரித்துக்கொண்டார்.

அடுத்து குழந்தைகளுக்குப் போட்டுப் பார்க்கிற கட்டம். சோதனை எங்கள் வட்டாரத்தில் ஆரம்பமாகும் என்று முடிவானது. தாய்மாரிடம் பேசிச் சம்மதம் வாங்குகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சும்மா சொல்கிறேன், நானேதான் முந்திக்கொண்டு கேட்டு வாங்கினேன். படியேறி இறங்கி, கதவு கதவாகத் தட்டி, "எங்க அண்ணி செஞ்ச ஊசிங்க, சொந்தக் குழந்தைக்குப் போடற மாதிரி போடறேன்" என்று பேசினேன். என் பேச்சை நம்பித்தான் பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். முதல் ஆளாகச் சம்மதித்தது டெய்லரின் மனைவி. அவருக்கு அப்போது கைக்குழந்தையாக ஒரு பையன் இருந்தான்.

"முதல் ஊசி இவனுக்குத்தான் போடணும் நர்ஸம்மா" என்றார். "வேற யாரையாவது முதல்ல கூப்பிட்டீங்க, நான் சண்டைக்கு வருவேன்."

ஊசி போடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோதுதான் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு சின்னப் பொருள் தீர்ந்துபோனது.

அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஊசி வேலை செய்கிறதா என்று பார்க்க அவர்களிடம் ஒரு பிளாஸ்டிக் தட்டு உண்டு. அதில் சின்னச் சின்னக் குழிகள். குழிகளுக்குள் சர்க்கரையைப் பூசி, ஊசி போட்ட முயலின் சீரத்தை விட்டால், உடம்பு அந்தச் சர்க்கரையைத் தெரிந்துகொண்டிருக்கும் பட்சத்தில் கடைசியில் மஞ்சள் நிறம் வரும். உயிருள்ள கிருமியை வைத்துச் செய்கிற சோதனைக்கு மூடிய அறை, முகமூடி, பயம், நாள்கணக்கில் காத்திருப்பு எல்லாம் வேண்டும். தட்டு வேலையோ மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். கழுவும் முறை வந்த பிறகு எல்லோரும் தட்டோடு நின்றுகொண்டார்கள். அதே சர்க்கரைதானே, இன்னும் சுத்தமாக இருக்கிறது, அவ்வளவுதானே என்று நினைத்துவிட்டார்கள். அண்ணியும் அப்படித்தான் நினைத்தார்.

குழியில் பூசுகிற சர்க்கரை தீர்ந்துவிட்டது. புதிது வருகிறவரை பொறுக்காமல், கூட வேலை பார்க்கிற பெண் ஒருத்தி ஃபிரீசரின் அடியில் கிடந்த பழைய சீசாவிலிருந்து எடுத்துப் பூசினாள். அது கார முறை வருவதற்கு முன்னால் எடுத்த, கழுவாத சர்க்கரை. தட்டில் மஞ்சள் வரவில்லை. ஏதோ பேருக்கு லேசாகத் தெரிந்தது. "பழசு மேடம், கெட்டுப்போயிருக்கும்" என்று சொல்லி அந்தப் பெண் தட்டைக் குப்பையில் போட்டுவிட்டாள். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். அண்ணி அதைக் குப்பையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

அன்றே மூடிய அறைக்குள் போனார். முயல் சீரத்தையும் உயிருள்ள கிருமியையும் கலந்து, கிருமி வளர்க்கிற வேறொரு தட்டில் தடவி வைத்தார். மறுநாள் பார்த்தால் அந்தத் தட்டு முழுக்கக் கிருமி கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது. ஒன்றுகூடச் சாகவில்லை.

அன்று சாயங்காலம் அவர் சமையலறைக்கு வந்து நின்றார். நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஊசி வேலை செய்யாது" என்றார்.

"எந்த ஊசி?"

"என் ஊசிதான். நான் கழுவின கழுவுல அந்தச் சர்க்கரையோட உருவமே மாறிப்போச்சு. உடம்பு கத்துக்கறது மாறிப்போன உருவத்தை. தட்டுலயும் அதே மாறிப்போன சர்க்கரையைத்தான் பூசினோம். அதனால நல்லா மஞ்சளா வந்துச்சு. நிஜக் கிருமி வந்தா உடம்புக்கு அது யாருன்னே தெரியாது."

எனக்கு வந்த கோபத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன், கையில் இருந்தால் நல்லதில்லை என்று. "நான் தெருத் தெருவா நாயா அலைஞ்சிருக்கேன். எங்க அண்ணி, எங்க அண்ணின்னு உங்க பேரைச் சொல்லித்தான் சம்மதம் வாங்கினேன். இப்ப வந்து வேலை செய்யாதுன்னா? நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அவங்க வாசப்படி ஏறுவேன்?"

"நானும் வரேன்" என்றார்.

"வந்து?"

"நானே சொல்றேன்."

அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். எப்போதும் ஏதாவது கிண்டல் செய்கிறவன், அன்று செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றான். அண்ணி ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. நானும்தான். ஆனால் நான் சாப்பிடாதது கோபத்தில்.

அண்ணி நிறுவனத்தின் இயக்குநரைப் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். தாய்மாரின் விவரம் என்னிடம் இருந்ததால் முதல்நாள் ஏற்பாட்டைப் பற்றிப் பேச அவரே என்னை வரச் சொல்லியிருந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் துவக்க நாளுக்கு மேலிடத்து ஆட்களை எல்லாம் அழைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி சொல்லி முடிக்கிறவரை கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தார்.

"ஊசியால கெடுதல் ஏதாவது உண்டா?" என்று கேட்டார்.

"இல்ல சார். முயலுக்குக் காய்ச்சல்கூட இல்ல."

"அப்ப போட்டுப் பார்ப்போமே. முயல் உடம்பு வேற, குழந்தை உடம்பு வேற. நல்லா வந்தாலும் வரலாம்."

"வராது சார்."

"தட்டுல இவ்வளவு அழகா மஞ்சள் வருதே."

"தட்டுக்குக் காய்ச்சல் வராது சார்."

எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். இயக்குநர் சிரிக்கவில்லை. "உங்க பேர்ல இருக்கிற கண்டுபிடிப்பு இது. உங்க கையாலயே குழி தோண்டறீங்க. அது தெரியுதா?" என்றார்.

"தெரியுது. ஆனா ஊசி போட்டாச்சுன்னு அம்மாங்க நிம்மதியா இருப்பாங்க சார். காய்ச்சல் வந்தா, இது அதுவா இருக்காதுன்னு ஒருநாள் பொறுத்துப் பார்ப்பாங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா சொல்றீங்க?"

அந்த நிமிஷம்வரை நான் அண்ணிமேல் கொதித்துக்கொண்டுதான் இருந்தேன். அவருக்கு முட்டுக்கொடுக்க வேண்டும் என்று துளியும் எண்ணமில்லை. வாய் தானாகச் சொன்னது: "ஒருநாள் பொறுத்துப் பார்த்துத்தான் சார் எங்க கீழ்வீட்டுக் குழந்தைக்குக் காது போச்சு."

அவர் கைக்குட்டையைப் பிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேலை செய்யவில்லை என்பதை அண்ணியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். அண்ணி அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். சோதனை நின்றது.

பிறகு நாங்கள் இருவரும் வாசல் வாசலாகப் போனோம். சில வீடுகளில் சரிம்மா என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வீட்டில், எங்கள் பிள்ளைகள் உங்களுக்கு விளையாட்டுப் பொம்மையா என்று கேட்டு வறுத்தெடுத்தார்கள். அண்ணி நின்று கேட்டுக்கொண்டார். டெய்லர் வீட்டைக் கடைசிக்கு வைத்துக்கொண்டோம், வேறொன்றும் இல்லை, பயம்தான்.

டெய்லர் மிஷினில் இருந்தார். அவர் மனைவி பையனை மடியில் போட்டுக்கொண்டிருந்தார். பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்து துண்டுத் துணிகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்தாள். சர்க்கரையின் உருவம் எப்படி மாறியது என்று அண்ணி சொல்ல ஆரம்பித்தார், அவர்களுக்குப் புரியவில்லை. அண்ணி டெய்லரின் மேஜையிலிருந்து ஒரு சட்டையை எடுத்தார்.

"கிருமியோட சட்டைல அங்கங்க பொத்தான் மாதிரி ஒண்ணு இருக்கு. உடம்பு அந்தப் பொத்தானை வச்சுத்தான் ஆளை அடையாளம் கண்டுபிடிக்கும். அழுக்கு போகணும்னு நான் அடிச்சுத் தோய்ச்சதுல பொத்தான் எல்லாம் பிஞ்சுபோச்சு. பொத்தான் இல்லாத சட்டையைக் காட்டி, இதுதான் திருடன்னு உடம்புக்குச் சொல்லிக் குடுத்துட்டேன்."

"அது முன்னாடியே தெரியலையா அக்கா?" என்று டெய்லர் மனைவி கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"என் பரீட்சைத் தாளை நானே திருத்திக்கிட்டேன். அதான் தெரியலை."

டெய்லர் யோசித்தார். "பொத்தான் போனா திரும்பத் தைச்சுடலாமே."

"இதைத் தைக்க முடியாதுங்க. பிய்யாமத் தோய்க்கக் கத்துக்கணும்."

"எவ்வளவு நாளாகும்?"

"தெரியலை. இவனுக்குப் போடற வயசுக்குள்ள ஆகாது."

டெய்லர் மனைவி பையனைப் பார்த்தார். அண்ணியைப் பார்க்கவில்லை. "இவனை நான் பார்த்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவர் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. படியில் எதிரே வந்தால் ஒதுங்கிப் போனார். எனக்கு அது வலித்தது, சொல்லிக்கொள்ள வேண்டியதுதானே.

அண்ணியின் குழுவைக் கலைத்துவிட்டார்கள். உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்திருந்த மாடிப்படி அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். கேடயத்தை அண்ணி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அது நல்ல கனம். காற்றில் அடித்துக்கொள்ளும் எங்கள் சமையலறைக் கதவுக்கு முட்டாக இன்றும் அதுதான் நிற்கிறது.

காரமும் வேண்டாம், சூடும் வேண்டாம் என்று முடிவெடுத்தார். குளிர்ந்த ஆல்கஹாலில் சர்க்கரையைத் திரியவைத்து, சுழற்றிப் பிரித்து, மெல்லிய வடிகட்டியில் விட்டு, மறுபடி திரியவைத்து, மறுபடி வடிகட்டி, மெதுவாக அழுக்கை விரட்டுகிற வழி. நேரம் தின்கிற வேலை. குளிர் கொஞ்சம் தப்பினாலும் மொத்தமும் பாழ். அண்ணனைப் பிடித்து, பாத்திரத்தைச் சுற்றிக் குளிர்நீர் ஓடுகிற உறை ஒன்றைச் செய்யச் சொன்னார். "ஆயுசு முழுக்கத் தண்ணியைக் கொதிக்க வச்சவன்கிட்ட வந்து ஜில்லுனு ஆக்குங்கறா" என்று புலம்பிக்கொண்டே அவன் செய்து கொடுத்தான். ஒழுகிற்று. புகார் வந்தது. திரும்பச் செய்தான்.

இந்த முறை ஒவ்வொரு மாற்றத்துக்கும் உயிருள்ள கிருமியை வைத்துத்தான் சோதனை. வேறு யாரையும் அதற்கு அனுப்பாமல் அவரே மூடிய அறைக்குள் போனார்.

இடையில் டெய்லரின் பையனுக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தது. தொட்டவுடன் சுடுகிறது என்றதும் அவன் அம்மா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை, தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். அண்ணியும் வேலையைப் போட்டுவிட்டு வந்து வராந்தாவில் நின்றார். டெய்லர் மனைவி அவரிடம் பேசவில்லை, போகச் சொல்லவும் இல்லை. முதுகு நீர் தெளிவாக வந்தது. வெறும் சளிக் காய்ச்சல். 

எல்லோருக்கும் அப்படி நடக்கவில்லை. எங்கள் வட்டாரத்தில் அந்தக் குளிர்காலத்தில் ஒரு குழந்தை அதே நோயில் போய்விட்டது. அதன் அம்மாவிடம் சம்மதம் வாங்கியிருந்தவள் நான். அந்த ஊசி போட்டிருந்தாலும் அந்தக் குழந்தை பிழைத்திருக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அண்ணியிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வேலைக்குப் போனார்.

ஒருவழியாக ஒருநாள், கிருமியையும் முயல் சீரத்தையும் கலந்து தடவிய தட்டில் ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. முயலுக்குக் காய்ச்சலும் இல்லை. அண்ணி அந்தத் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். பார்த்துவிட்டு, துள்ளிக் குதிக்காமல், வேறொருவரை விட்டு மறுபடி செய்யச் சொன்னார். அது போதாமல் வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கும் அனுப்பினார். அங்கேயும் கிருமி செத்தது. இயக்குநர் அவரே மாடிப்படி அறைக்கு வந்து உட்கார்ந்தார், உட்கார நல்ல நாற்காலி இல்லாவிட்டாலும். செய்முறையில் எதை மாற்றினாலும் உயிருள்ள கிருமியை வைத்துச் சோதித்த பிறகே மேற்கொண்டு போக வேண்டும் என்று நிறுவனத்தில் விதி வந்தது அப்போதுதான்.

குழந்தைகளுக்குப் போட்டுப் பார்க்கும் சோதனை வேறு ஊரில் நடந்தது, பிறகு இன்னும் சில ஊர்களில். நன்றாகவே வந்தது. அனுமதி, தயாரிப்பு என்று அதற்குள் காலம் ஓடிவிட்டது. என் தலை நரைத்தது, அண்ணன் கொதிகலன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றான். கடைசியில் ஒரு காலை, குளிர்பெட்டியில் அந்த ஊசி எங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்தது.

அண்ணியை வரச் சொல்லியிருந்தேன். முதலில் வேண்டாம் என்றார், பிறகு வந்து ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். நான் ஊசியை எடுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தால், வரிசையில் முதல் ஆளாக டெய்லரின் மனைவி. அவர்கள் எதிர்பார்க்காமல் பிறந்த மூன்றாவது குழந்தைக்கு அப்போதுதான் கழுத்து நின்றிருந்தது. அதைத் தூக்கி வைத்திருந்தவள் பெரியவள். ஆள் நெடுநெடுவென்று அம்மாவின் தோளுக்கு வளர்ந்திருந்தாள். கையசைத்துப் பேசுகிற பள்ளிக்கூடத்தில் படித்தாள். அம்மாவும் மகளும் கைகளால் அவ்வளவு வேகமாகப் பேசிக்கொள்வார்கள், எனக்குப் பாதிதான் பிடிபடும்.

டெய்லர் மனைவி என்னைத் தாண்டி நேரே அண்ணியிடம் போனார். இத்தனை காலத்துக்குப் பிறகு அவர் அண்ணியிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"போன தடவை உங்க தாளை நீங்களே திருத்தினீங்க. இந்தத் தடவை யாரு திருத்தினது?"

அண்ணி எழுந்து நின்றார். வெளியூர் ஆய்வகத்தைச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் பெரியவளைப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குவது முகத்தில் தெரிந்தது.

"உங்க பொண்ணுக்கு அப்ப முதுகுல நீர் எடுத்தாங்க இல்ல. அதுல இருந்த கிருமியை ஆஸ்பத்திரில வளர்த்து எங்களுக்கு அனுப்பினாங்க. அந்த வருஷம் வந்ததுலயே ரொம்ப முரட்டுக் கிருமி அதுதான். அதை ஃபிரீசர்ல வச்சிருக்கேன். என் ஊசி ஜெயிச்சுதா தோத்துதான்னு ஒவ்வொரு தடவையும் சொன்னது அதுதான். போன தடவை நான் தோத்துட்டேன்னு சொன்னதும் அதுதான்."

எனக்கே இது புதுச் செய்தி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இத்தனை வருஷமாக வாயைத் திறக்கவில்லை.

 பெரியவள் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, குழந்தையைப் பிடித்தபடியே முழங்கையால் அம்மாவை இடித்தாள், என்ன என்று. அம்மா அவளுக்குக் கையால் சொன்னார். சொல்லும்போது ஒரு இடத்தில் கை நின்றது, கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார்.

பெரியவள் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளாலும் ஏதோ கேட்டாள்.

"அது இன்னும் உயிரோட இருக்கான்னு கேக்கறா" என்றார் அம்மா.

"இருக்கு" என்றார் அண்ணி, அவள் உதட்டைப் படிக்கும்படி நேராகப் பார்த்து. "ஒவ்வொரு தடவை ஊசி செய்யும்போதும் அதைத்தான் எழுப்பிக் கொண்டுவந்து சோதிக்கணும். அது செத்தாத்தான் ஊசி வெளியில போகும்."

 பெரியவள் கைகளைச் சுருக்கமாக அசைத்தாள். அம்மாவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சொல்றா?" என்று அண்ணி கேட்டார்.

"அதுக்கு லீவே குடுக்காதீங்கன்னு சொல்றா."

அண்ணி தலையாட்டினார். டெய்லர் மனைவி என் முன்னால் உட்கார்ந்து, சின்னதின் தொடையை நீட்டிப் பிடித்துக்கொண்டார். ஊசி போட்டேன். அது கூரை அதிரும்படி வீறிட்டது. பெரியவளுக்கு அது கேட்கவில்லை, ஆனால் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, அதன் முன்னால் போய் நின்று கை தட்டினாள்.